வரிசை எஞ்சினும் 'வி' எஞ்சினும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது அடியேன் மிகவும் தயங்கினேன். தமிழ் கற்ற பெரியோர்கள் இலக்கியச் சுவை ததும்ப எழுதும் மலரிலே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே பண்டகசாலையில் பேரேடு எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தா ஒருவன் எதை எழுதுவது? "உங்களுக்கு எது தெரியுமோ அதை எழுதுங்கள்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தவை எஞ்சின் உறுப்புகளின் பெயர்களும் எண்களுமே. ஆகவே எஞ்சினின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தமக்கையின் மகன் பழைய கார் ஒன்றை வாங்கிவந்து நம் படிப்பகத்தின் முன் நிறுத்தினான். பார்வைக்குப் பெரிய வண்டி. திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்பது அவன் எண்ணம். அதற்காகத் தமக்கையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. "மாமா, இது சாதாரண எஞ்சின் அல்ல, வி-ஆறு!" என்று அவன் பெருமையோடு கூறினான். அங்கிருந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், "தம்பி, முப்பது ஆண்டு ஆறு சிலிண்டர் வண்டி ஓட்டினேன். ஆறும் ஒரே வரிசையில் நின்றன. அதில் இல்லாத எது இந்த வி-யில் இருக்கிறது?" என்று கேட்டார். வாதம் முற்றியது. டீசல் ஷெட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தந்தையார் மட்டும் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில், "இரண்டையும் இந்தக் கையால் பிரித்துப் பூட்டியவன் நான். இரண்டில் எதையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, வாங்கும்முன் பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாயா?" என்றார். அவன் சிரித்தான். அக்கேள்வியின் பொருள் பின்னரே எங்களுக்கு விளங்கிற்று.

பந்தியும் எஞ்சினும்

எஞ்சினுக்குள் நடப்பதை அறியாதோர்க்கு ஒரு சொல். சிலிண்டர் என்னும் உருளைக்குள் எரிபொருள் எரிகிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன், கனெக்டிங் ராட் என்னும் கையால் கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடியைப் போன்ற முழங்கைகள் பல கொண்ட தண்டு அது. ஒரு சிலிண்டர் போதாதபோது நான்கு, ஆறு, எட்டு எனப் பெருக்குகின்றனர். அவற்றை எவ்வாறு நிறுத்துவது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால் பரிமாறுவது எளிது. யார் இலையில் எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் கூடம் நீளமாயிருக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை போட்டால் பாதி நீளத்தில் அத்தனை பேரும் அடங்குவர். ஆனால் அகலம் வேண்டும், சாமான் இரண்டு பக்கமும் வேண்டும், ஓர் ஓரத்து வரிசை சுவரோடு ஒட்டிவிட்டால் பரிமாறுபவர் பாடு திண்டாட்டமே. வரிசை எஞ்சினுக்கும் வி எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுவே. வரிசையில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். வி-யில் இரு வரிசைகள் அடியில் கூடி, விரித்த இரு விரல்களைப் போல் மேலே அகன்று நிற்கும். எதிரெதிரான இரு சிலிண்டர்களின் கைகள் பெரும்பாலும் ஒரே முழங்கையைப் பற்றிச் சுழற்றும். அதனால் தண்டு குட்டையாகும். குட்டையான தண்டு எளிதில் முறுகாது. ஆனால் வரிசைக்கு ஒரு மூடி, அதாவது ஹெட், போதும். கார்களின் வி-க்கு இரண்டு வேண்டும். மூடி இரண்டானால் காஸ்கெட் இரண்டு, வால்வுகளை இயக்கும் தண்டும் சங்கிலியும் கூடுதல், புகைக்குழாயும் இரண்டு.

இனி, அதிர்வு என்பதொன்று உண்டு. நான்கு சிலிண்டர் வரிசையில் இரண்டு பிஸ்டன் ஏற, இரண்டு இறங்கும். சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து செல்வதால், பிஸ்டன் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் ஓடுகிறது. ஆகவே முழுதும் ஈடாவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை சிறு உதறல் எழும். ஆறு சிலிண்டர் வரிசையில், 120 பாகை இடைவெளியில் முழங்கைகள் அமைவதால், இந்த உதறல் முழுவதும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகிறது. அதன் அமைதிக்கு இணை அரிது. வி-ஆறில் பக்கத்திற்கு மூன்று என ஒற்றைப்படையாக நிற்பதால், எஞ்சின் முன்னும் பின்னுமாகத் தலையாட்டப் பார்க்கும். அதை அடக்க எதிர்எடைகளும், சில எஞ்சின்களில் தனித் தண்டும் வேண்டும். 90 பாகை வி-எட்டில், முழங்கைகளைக் குறுக்குச் சிலுவையாக அமைத்துத் தக்க எடை கட்டினால் நல்ல அமைதி கிட்டும். ஆக, வி என்றாலே மிருது என்பதும் பிழை. வரிசை என்றாலே முரடு என்பதும் பிழை.

இரண்டும் பிறந்த கதை

வி எஞ்சின் நேற்றுப் பிறந்ததன்று. ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் 1889-ஆம் ஆண்டிலேயே இரண்டு சிலிண்டர்களைக் குறுகிய வி-யாக அமைத்துக் காட்டினர். 1903-இல் ஹாலந்து நாட்டின் ஸ்பைக்கர் ஆறு சிலிண்டர் வரிசை கொண்ட காரைச் செய்தது. 1906-இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் வெளியிட்டு, பின்னர் 'சில்வர் கோஸ்ட்' என்று புகழ்பெற்ற கார், ஏழு லிட்டர் ஆறு சிலிண்டர் வரிசையே. நம் நாட்டு மன்னர்கள் பலர் விரும்பி வாங்கியது அதுவே. 1914-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் வி-எட்டைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது. ஆனால் அக்காலத்து வி-எட்டு செல்வர்க்கே உரியது. தனித்தனி வார்ப்புகளைச் சேர்த்து முடுக்கிச் செய்ததால் விலை அதிகம்.

ஏழை எளியவர்க்கு வி வந்தது ஒரு போட்டியினால். ஹென்றி ஃபோர்டு தம் மாடல்-டி காரை 1908 முதல் 1927 வரை நான்கு சிலிண்டர் வரிசையோடு செய்து உலகையே ஆண்டார். 1929-இல் செவ்ரலெட், நான்கின் விலைக்கு ஆறு என்று பறைசாற்றிக்கொண்டு ஆறு சிலிண்டர் வரிசையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு விட்டாரில்லை. 1932-ஆம் ஆண்டு வி-எட்டைக் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இரு வரிசைச் சிலிண்டர்களையும் அடிப்பெட்டியோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்ததே அவர் சாதனை. விலை இறங்கிற்று, எட்டு சிலிண்டர் சாமானியர் கைக்கு வந்தது. ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. எரிந்த புகை வெளியேறும் வழிகள் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீருறையின் ஊடே சென்றதால், அந்த எஞ்சின் எளிதில் சூடேறியது. இடத்தைச் சுருக்கியதற்கு வெப்பத்தால் விலை கொடுத்தனர்.

இப்போட்டி கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1926-இல் இந்தியக் கிளையை அமைத்து, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பூட்டிச் சேர்க்கும் நிலையங்களை நடத்திற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் செவ்ரலெட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. நம் மாகாணத்துப் பஸ் முதலாளிகளுக்கு ஒருபுறம் வி-எட்டும் மறுபுறம் வரிசை ஆறும் கிடைத்தன.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே 1947 வரை மோட்டார் வரியை ஒரு வாய்பாட்டினால் கணக்கிட்டனர். சிலிண்டர்த் துளையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். மூன்றும் பதினாறில் ஒன்றும் அங்குலத் துளையும் எட்டு சிலிண்டரும் கொண்ட ஃபோர்டு வி-எட்டுக்கு விடை 30. நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய மாரிஸ் காருக்கு விடை 8. வரியோ விடைக்கேற்ப ஏறும். பிஸ்டன் ஓடும் நீளத்தை இக்கணக்கு கேட்பதேயில்லை. ஆகவே ஆங்கிலேயர் துளையைக் குறுக்கி, ஓட்டத்தை நீட்டி, சிலிண்டர்களைக் குறைத்து வரிசையாக நிறுத்தினர். எஞ்சினின் உருவத்தை இயந்திர விதி மட்டுமன்றி வரி விதியும் தீர்மானித்தது. இந்த ஆங்கில மரபில் பிறந்தவையே பின்னாளில் நம் சாலைகளை ஆண்ட கார்களிற் பல.

போர் நடத்திய சோதனை

வரிசையா, வியா என்னும் வழக்கிற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு சோதனைச்சாலையாயிற்று. கனடா நாட்டில் படைக்கென ஒரே மாதிரி டிரக்கை இரு நிறுவனங்கள் செய்தன. வடிவம் ஒன்று, பணி ஒன்று, ஆனால் ஃபோர்டு செய்தவற்றில் 95 குதிரைத்திறன் வி-எட்டு, செவ்ரலெட் செய்தவற்றில் 85 குதிரைத்திறன் வரிசை ஆறு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இவ்வகை வண்டிகள் பாலைவனத்திலும் காட்டிலும் ஓடின. இரண்டும் போரில் வென்ற பக்கமே நின்றன! மூக்கைக் குட்டையாக்கி, ஓட்டுநரை எஞ்சினோடு நெருக்கி உட்காரவைத்த அவ்வண்டியில் வி-எட்டு நீளத்தில் எளிதாக அடங்கியது. வரிசை ஆறோ பத்துக் குதிரைத்திறன் குறைந்தாலும் மூடி ஒன்று, பழுது பார்ப்பது எளிது.

அந்த ஃபோர்டு அடிச்சட்டங்கள் இந்தியாவுக்கும் வந்தன. அவற்றின்மீது டாடாநகரில் கவச உடல் பூட்டி, 'இந்தியன் பேட்டர்ன்' என்னும் சக்கரக் கவச வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து போர்முனைக்கு அனுப்பினர். போர் முடிந்தபின் படையின் உபரி வண்டிகள் விலைக்கு விடப்பட்டன. கவசத்தோடும் துப்பாக்கியோடும் ஓடிய இனம், நெல் மூட்டையும் செங்கல்லும் சுமக்கும் லாரியாயிற்று. பெங்களூர் பெரும் படைத்தளமாய் விளங்கிய ஊராதலின், அந்நாளைய பட்டறைகளில் இருவகை எஞ்சின்களையும் பிரித்துப் பூட்டிக் கற்ற கைகள் ஏராளம். ஏட்டில் எழுதப்படாவிடினும் அதுவும் வரலாறே.

நம் நாடு தேர்ந்த வழி

விடுதலைக்குப் பின், உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்ய முன்வராத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று 1953-இல் அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலகின. பின் நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடியவை எவை? கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், 1489 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர் வரிசை. பம்பாயில் செய்த ஃபியட் 1100, நான்கு சிலிண்டர் வரிசை. சென்னைக்கு அருகில் வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 கன சென்டிமீட்டர், அதுவும் நான்கு சிலிண்டர் வரிசையே. 1983 இறுதியில் வந்த மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், அவையும் வரிசையே. 2000-ஆம் ஆண்டு நம் ஊருக்கு அருகே பிடதியில் தொடங்கிய டொயோட்டா தொழிற்சாலையின் குவாலிஸும் நான்கு சிலிண்டர் வரிசையே.

டீசல் எஞ்சின்களிலும் இதே நிலை. சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனத்தார் 1950-களில் செய்யத் தொடங்கிய பெர்கின்ஸ் பி-6 ஆறு சிலிண்டர் வரிசை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதன் இடத்திலேயே இதைப் பூட்டிப் பல பஸ்களும் லாரிகளும் டீசலுக்கு மாறின. 1954-இல் ஜம்ஷெட்பூரில் வெளிவந்த டாடா-மெர்ஸிடஸ் லாரியும், எண்ணூரில் அசோக் லேலண்டார் செய்த காமெட்டும் ஆறு சிலிண்டர் வரிசைகளே. நம் படிப்பகத்துப் பெரியவர் முப்பது ஆண்டு ஓட்டியது அந்தக் குலத்து வண்டியைத்தான்.

நம் பொறியாளர்க்கு வி செய்யத் தெரியாதா என்று எவரும் ஐயுற வேண்டா. முதல் குறைவு, பெட்ரோல் விலை மிகுதி, செய்யும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைவு. ஒரு வார்ப்பு, ஒரு மூடி, ஒரு கடைசல் வரிசை என்றால் செலவு சுருங்கும். மேலும், நடுவழியில் வண்டி நின்றால் புளியமரத்தடிப் பட்டறைக்காரர் ஒரு ஸ்பானர் பெட்டியோடு வந்து மூடியைக் கழற்ற வேண்டும். அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் இருபுறமும் தரை தெரியும். ஆள் சாய்ந்து நின்று வேலை பார்க்கலாம். பட்டறைக் கைக்குத் தக்க எஞ்சினே நாட்டுக்குத் தக்க எஞ்சினாயிற்று.

ஒரே சிலிண்டர், இரண்டு உருவம்

நிற்க. இதுவரை கார், லாரிகளைப் பற்றிக் கூறினேன். இரு முறைகளின் இயல்பையும் ஐயமறக் காட்டும் சான்று ஒன்று ரயில்வேயில் உண்டு. அதைக் கூறாவிடின் என் உத்தியோகத்திற்கே இழுக்கு.

என் தந்தையார் பொன்மலை டீசல் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, மீட்டர்கேஜ் லோகோக்களில் பழகி, பின்னர் மாற்றலாகிக் கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டுக்கு வந்தவர். அப்போதுதான் நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் குடியேறினோம். என் சிறுவயதில் மைசூருக்கும் உப்பள்ளிக்கும் சென்றவை மீட்டர்கேஜ் வண்டிகள். 1990-களில் அப்பாதைகள் அகலப்பாதையாயின. அம்மீட்டர்கேஜ் காலத்தின் புகழ்பெற்ற டீசல் லோகோ ஒய்டிஎம்-4. அகலப்பாதையின் புகழ்பெற்ற லோகோ டபிள்யூடிஎம்-2. இவ்விரண்டும் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவங்கள். 1960-களின் தொடக்கத்தில் இறக்குமதியாகி, பின்னர் வாரணாசித் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கிருந்து முதல் டபிள்யூடிஎம்-2 வெளிவந்தது 1964 ஜனவரியில்.

இரண்டு லோகோக்களிலும் ஒரே குடும்பத்து எஞ்சின். அதன் பெயர் '251'. இரண்டிலும் சிலிண்டர்த் துளை 9 அங்குலம். பிஸ்டன் ஓட்டம் பத்தரை அங்குலம். ஆனால் ஒய்டிஎம்-4-இல் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். டபிள்யூடிஎம்-2-இல் பதினாறு சிலிண்டர்கள், பக்கத்திற்கு எட்டாக, 45 பாகை வி-யில் நிற்கும். முன்னது ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன்; பின்னது 2,600. ஒரே சிலிண்டரை ஒரே நிறுவனம் ஏன் இரு வகையாக நிறுத்திற்று?

மீட்டர்கேஜ் தண்டவாளம் இளையது. ஓர் அச்சுக்கு 12 டன்னுக்கு மேல் ஏற்ற இயலாது. ஆறு அச்சுக்கும் சேர்த்து 72 டன்; அந்த எடைக்குள் கூடு, ஜெனரேட்டர், மோட்டார், எண்ணெய், ஓட்டுநர் அறை யாவும் அடங்க வேண்டும். அந்த லோகோவுக்குத் தேவைப்பட்ட திறனை ஆறு சிலிண்டர்களே தந்துவிட்டன. ஆறுக்கு வரிசையே போதும். ஒடுக்கமானது, எளியது, அமைதியானது. அகலப்பாதையில் 112 டன் லோகோ நீண்ட சரக்கு வண்டியை இழுக்க வேண்டும். அதற்குப் பதினாறு சிலிண்டர் வேண்டும். பதினாறையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் துளைகளின் குறுக்களவு மட்டுமே 144 அங்குலம், அதாவது 12 அடி. இடைச்சுவரும் பேரிங்கும் சேர்ந்தால் இன்னும் நீளும். அத்தனை நீளத் தண்டு கரும்புபோல் முறுகும். வி-யாக நிறுத்தியபோதோ, இரண்டு சிலிண்டருக்கு ஒரு முழங்கை வீதம் எட்டு முழங்கைகளே போதுமாயின. வரிசை ஆறின் தண்டில் முழங்கைகள் ஆறு. வி-பதினாறின் தண்டில் எட்டு. சிலிண்டர்கள் பத்து கூடின. முழங்கைகள் கூடியவை இரண்டே! வி-யின் சிறப்பு முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

மீட்டர்கேஜுக்கு வி ஒவ்வாது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் வி எஞ்சின் கொண்ட ஒய்டிஎம்-3 என்னும் லோகோவும் அதே 1960-களின் தொடக்கத்தில் மீட்டர்கேஜில் ஓடிற்று. அதன் திறன் 1,390 குதிரைத்திறன். பெரிய சிலிண்டர் ஆறு செய்த வேலையைச் சிறிய சிலிண்டர் பன்னிரண்டு செய்தன. ஒரு வேலைக்கு இரு வழியும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே என் தந்தையார் சொன்ன செய்தி முக்கியமானது. பதினாறு சிலிண்டர் வி-யைக் கண்டு ஷெட்டில் எவரும் அஞ்சியதில்லையாம். காரணம், அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். லோகோவின் இருபுறமும் நடைபாதை, நெடுகக் கதவுகள். இடப்பக்கத்துச் சிலிண்டருக்கு இடப்பக்கக் கதவு, வலப்பக்கத்துக்கு வலப்பக்கக் கதவு. பழுதான ஒன்றை மட்டும் கழற்றிக் கிரேனால் தூக்கிவிடலாம். எண்ணிக்கை கூடியதால் வேலை கூடிற்றே தவிர, வேலை கடினமாகவில்லை. இந்த வடிவ லோகோக்கள் 1990-களின் இறுதிவரை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் செய்யப்பட்டன. அதன்பின் 2001-இல் வந்த டபிள்யூடிபி-4 லோகோவின் 4,000 குதிரைத்திறன் எஞ்சினும் பதினாறு சிலிண்டர் வி-தான்.

போனதும் வந்ததும்

கார் உலகிற்குத் திரும்புவோம். ஒரு காலத்தில் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திய கார்கள் அமெரிக்காவில் பெருமையாக ஓடின. நீண்ட மூக்கே செல்வத்தின் அடையாளம். ஆனால் வேகம் கூடக்கூட நீண்ட தண்டின் முறுக்கு தொல்லை தந்தது. பியூக் 1953-லும் பேக்கார்டு 1954-லும் அவ்வகையைக் கைவிட்டு வி-எட்டுக்கு மாறத் தொடங்கின. எட்டு என்றால் வி என்பது ஏறக்குறைய முடிவான தீர்ப்பாயிற்று.

ஆறுக்குத்தான் வழக்கு நீண்டது. 1950-இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் தன் அரேலியா காரில் வி-ஆறைக் கொண்டுவந்தது. பின்னர், முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும் முறை பரவியது. அதில் எஞ்சினைக் குறுக்குவாட்டில், இரு முன்சக்கரங்களுக்கு இடையே படுக்கவைக்க வேண்டும். நான்கு சிலிண்டர் வரிசை அங்கே அடங்கும், ஆறு சிலிண்டர் வரிசை அடங்குவது அரிது, வி-ஆறு அடங்கும். மோதலில் நசுங்கி உயிர் காக்கும் பகுதிக்கும் மூக்கில் இடம் விடவேண்டியதாயிற்று. ஆகவே உலகெங்கும் வி-ஆறு பரவிற்று. மெர்ஸிடஸ் நிறுவனமும் 1997 முதல் தன் பெட்ரோல் கார்களில் வரிசை ஆறை விட்டு வி-ஆறுக்கு மாறியது.

ஆனால் 2017-இல் அதே நிறுவனம் வரிசை ஆறுக்குத் திரும்பியது. 2019-இல் ஜாகுவார் நிறுவனமும் திரும்பிற்று. 1968 முதல் வரிசை ஆறை விடாது காத்த பிஎம்டபிள்யூ தன் இடத்திலேயே நின்றது. திரும்பியதற்குக் காரணம் பழமைப் பற்று அன்று. வரிசையில் ஒருபக்கம் காற்று புகும், மறுபக்கம் புகை வெளியேறும். டர்போவையும் புகையைத் தூய்மையாக்கும் கருவியையும் சூடான பக்கத்திலேயே ஒட்டிப் பொருத்தலாம். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் கடுமையான காலத்தில் அது பெரிய வசதி. மேலும், நான்கு சிலிண்டரையும் ஆறு சிலிண்டரையும் ஒரே தொழிற்சாலைக் கருவிகளால் செய்யலாம். அன்று வரிச் சட்டம் உருவத்தை மாற்றியதுபோல், இன்று புகைச் சட்டம் மாற்றிற்று.

கை புகும் இடம்

என் தமக்கை மகனின் காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதம் நன்றாகவே ஓடிற்று, ஓசையும் இனிமை. பின்னர் ஒரு முகூர்த்த நாளன்று, மணமக்களை ஏற்றிச் செல்கையில், எஞ்சின் விக்கத் தொடங்கியது. பட்டறையில் பார்த்தபோது பின்வரிசையில் ஒரு பிளக் பழுது. பிளக்கின் விலை சிறிது. ஆனால் அவ்வரிசை எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைச் சுவருக்கும் இடையே ஒட்டிக்கிடந்தது. மேலேயுள்ள காற்றுக்குழாய்த் தொகுதியைக் கழற்றினால்தான் அங்கே கை புகும். பிளக்கினும் கூலி பன்மடங்காயிற்று. அடுத்த ஆண்டு காஸ்கெட் போயிற்று. இருப்பது இரண்டு ஹெட். ஒன்றைத் திறக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுவதே நல்லது என்றார் பட்டறைக்காரர். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் அலைந்தும் சில உறுப்புகள் கிட்டவில்லை. வாடகைப் பணம் வட்டிக்கே போதவில்லை. வளையல்கள் மூழ்கும் நிலைக்கு வந்தன.

அப்போதுதான் அவன் தாத்தாவிடம் வந்து, "அன்று நீங்கள் கேட்டதன் பொருள் இன்று தெரிந்தது, தாத்தா" என்றான். என் தந்தையார் அவனைக் கடியவில்லை. "எஞ்சின்மீது குற்றமில்லை அப்பா. அதைச் செய்தவன், நெருக்கமான இடத்தில் ஆறு சிலிண்டரை அடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான். அவன் கணக்கு சரி. பத்து ஆண்டு கழித்து, கடன் வாங்கி, அதை வைத்துப் பிழைக்கப்போகிறவன் போடவேண்டிய கணக்கு வேறு. அதை நீ போடவில்லை" என்றார். காரை வந்த விலைக்கு விற்று, மீதிக்கு மேலும் கடன்பட்டு, நான்கு சிலிண்டர் வரிசை டீசல் வண்டி ஒன்றை வாங்கினான். வளையல்கள் திரும்ப மூன்று ஆண்டுகள் ஆயின. இன்று அவ்வண்டியின் வருவாயில்தான் அவன் தங்கை கல்லூரியில் படிக்கிறாள்.

அன்பர்களே, நான் கற்றது இதுவே. வரிசை உயர்ந்ததா, வி உயர்ந்ததா என்று கேட்பது, ஏர் உயர்ந்ததா, தேர் உயர்ந்ததா என்று கேட்பதைப் போன்றது. எத்தனை சிலிண்டர் வேண்டும், எவ்வளவு இடம் இருக்கிறது, யார் கை அதைப் பழுது பார்க்கப்போகிறது என்னும் மூன்று கேள்விகளே கேட்கத் தக்கவை. இவற்றுள் முதலிரண்டையும் எஞ்சின் செய்வோர் தவறாமல் கேட்கின்றனர். மூன்றாவதை வாங்குகிற நாம்தான் கேட்டாக வேண்டும். நம் காலனியில் ஆட்டோவும் டாக்சியும் ஓட்டியும், பட்டறையில் உழைத்தும் வாழும் குடும்பங்கள் பல. வண்டி வாங்கப் புறப்படும் இளைஞர்கள், பின்னால் ஒட்டிய எழுத்தைப் பார்த்து மயங்காமல், நம் பட்டறைப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று பானெட்டைத் திறந்து காட்டுவார்களாயின், ஒருசில வளையல்களேனும் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்.

காலம் மாறுகிறது. 2014 முதல் நம் ஸ்ரீராம்புரத்தின் தலைக்கு மேலே மெட்ரோ மின்சார வண்டி ஓடுகிறது. ரயில்வேயிலும் மின்சார லோகோக்கள் பெருகிவிட்டன. அவற்றில் வரிசையும் இல்லை, வி-யும் இல்லை. என் பேரேட்டில் சிலிண்டர், பிஸ்டன் என்னும் சொற்கள் ஆண்டுதோறும் அருகிவருகின்றன. ஆயினும் புதிது எது வந்தாலும், பழுதுபட்டால் இங்கே கை புகுமா என்று கேட்கும் அந்த ஃபிட்டரின் கேள்வி பழையதாகாது. அதனை எனக்குக் கற்பித்த தந்தையாரையும், அவரைப்போல் எண்ணெய்க் கறை படிந்த கைகளால் இவ்வூரில் தமிழர்க்கு நற்பெயர் தேடித்தந்த தொழிலாளர் அனைவரையும் வணங்கி இக்கட்டுரையை முடிக்கின்றேன். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!